பிச்சாவரத் தண்ணீரை எதைக் கொண்டு அளப்பது: பாசியா, கருவியா, செயற்கைக்கோளா?

அலையாத்திக் காட்டுத் தண்ணீரின் தரத்தைத் தொடர்ந்து பார்க்கவேண்டும், கையில் காசு குறைவு, எந்த வழியில் போகலாம்? முதுநிலை மாணவர்கள் கேட்கிறார்கள், சின்னச் சின்ன சுற்றுச்சூழல் குழுக்கள் கேட்கின்றன, சில சமயம் இறால் பண்ணை வைத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். பெரும்பாலும் கிடைக்கிற பதில், "பைட்டோபிளாங்க்டன் பாருங்க, அதுதான் நல்ல குறிகாட்டி" என்பது. நீரில் மிதக்கிற நுண்பாசிகளுக்குத்தான் அந்தப் பெயர். நல்ல குறிகாட்டிதான், மறுக்கவில்லை. ஆனால் பைட்டோபிளாங்க்டனைப் பார்ப்பதற்கே நாலைந்து வழி இருக்கிறது, ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது, சில வழிகள் இந்தக் காட்டில் தப்பாகவே பதில் சொல்லும். எனக்கு நன்றாகத் தெரிந்த இடம் என்பதால் பிச்சாவரத்தை வைத்தே பேசுகிறேன்.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் சுமார் 1100 ஹெக்டேரில் சுரபுன்னையும் வெண்கண்டலும், ஐம்பதுக்கும் மேற்பட்ட திட்டுகளும், அவற்றைச் சுற்றி வாய்க்கால்களும். 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. நமக்கு இங்கே முக்கியம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதுதான். சின்னவாய்க்கால் முகத்துவாரம் வழியாகக் கடல் ஏறி வருகிறது. கொள்ளிடம் பக்கமிருந்து நன்னீர் வருகிறது. வயல் வடிகாலும் ஊர்க் கழிவும் சுமந்து கால்வாய்த் தண்ணீர் வருகிறது. கோடையில் உப்புத்தன்மை கடலை ஒட்டி ஆயிரத்துக்கு 35 பங்குக்குப் பக்கத்தில் நிற்கும், ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்துவிட்டால் உள்வாய்க்கால்களில் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிடும். ஒரே வருடத்துக்குள் ஒரே இடம் கடலாகவும் இருக்கிறது, கிட்டத்தட்ட ஆறாகவும் இருக்கிறது. கீழே சொல்லப்போகிற எல்லாச் சிக்கலுக்கும் வேர் இதுதான்.

முதல் வழி, பாசியே வேண்டாம், வேதியியல் மட்டும் போதும் என்பது. கார அமிலத் தன்மை, உப்பு, கரைந்த ஆக்சிஜன், நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட், அம்மோனியா. விலை குறைவு, யாரும் கற்றுக்கொள்ளலாம், அதிகாரிகளுக்குப் புரிகிற மொழியும் இதுதான். கடலோரத் தண்ணீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வைத்திருக்கும் தரவரிசையில், சூழல் முக்கியத்துவம் உள்ள பகுதிகள் வருகிற முதல் வகுப்புக்குக் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். சரி, ஒரு உள்வாய்க்காலில் விடியற்காலை போய் அளந்து பாருங்கள். இலைச் சருகு மக்குகிற இடம், ராத்திரி முழுக்க வெளிச்சம் இல்லை, எல்லா உயிரும் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்த தண்ணீர். ஐந்துக்குக் கீழே காட்டினால் அது சாக்கடையால்தான் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதே இடத்தில் மதியம் மூன்று மணிக்கு அளந்தால் கதையே வேறாக இருக்கும்.

இன்னொரு குறை நேரம். இறால் அறுவடை முடிந்து ஒரு பண்ணையில் குளத்தைத் திறந்துவிடுகிறார்கள் என்று வையுங்கள். நீங்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பாட்டிலோடு போகிறவர். அம்மோனியா ஏறி, பாசி அதைச் சாப்பிட்டு, மிச்சம் கடலுக்குப் போய், நீங்கள் போகும்போது தாளில் எல்லாம் சுத்தம். நைட்ரேட் குறைவாக இருக்கிறது என்றால் வரவே இல்லை என்றும் அர்த்தம், வந்ததை யாரோ தின்றுவிட்டார்கள் என்றும் அர்த்தம். வேதியியல் எண்களை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரிப்பது கஷ்டம். பைட்டோபிளாங்க்டனின் உண்மையான பலம் இங்கேதான் வருகிறது. தோதான சூழலில் ஒரு நாளுக்கு ஒரு முறை, வேகமானவை அதற்கும் மேல், இரண்டாகப் பிரிந்து பெருகும். சில நாளுக்கு முன்பு வந்துபோன உரத்தின் கணக்கு அதன் எண்ணிக்கையிலும் இனக் கலவையிலும் பதிந்திருக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2000-இல் கொண்டுவந்த நீர்ச் சட்டகத்தில் கழிமுகத் தண்ணீரின் நிலையைச் சொல்ல பைட்டோபிளாங்க்டனின் அளவையும் இனக் கலவையையும் கட்டாயம் சேர்த்திருக்கிறார்கள்.

இரண்டாவது வழி, குளோரோஃபில்-ஏ. பாசியை எண்ணாமல், அதில் இருக்கும் பச்சையத்தை மட்டும் அளப்பது. தண்ணீரைக் கண்ணாடி இழை வடிதாளில் வடிகட்டி, 90 சதவீத அசிட்டோனில் இருட்டில் குளிரில் ஊறவைத்து, ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் 664, 647, 630 நானோமீட்டரில் படித்தால் 1975-ஆம் ஆண்டு ஜெஃப்ரி–ஹம்ப்ரி சமன்பாட்டில் போட்டு எண் வந்துவிடும். ஆய்வகம் பக்கத்தில் இருந்தால் செலவு பெரிதில்லை, ஒருவர் ஒரே நாளில் நிறைய மாதிரிகளை முடிக்கலாம், ஆளுக்கு ஆள் மாறாது.

ஆனால் கடல் தண்ணீருக்கு எழுதிய செய்முறையை அப்படியே இங்கே கொண்டுவந்தால் சிக்கல். கரையை விட்டுத் தள்ளியிருக்கும் கடல் தண்ணீர் ஒரு லிட்டர் சுலபமாக வடியும், உள்வாய்க்கால் தண்ணீர் அரை லிட்டர் போவதற்குள்ளேயே வடிதாளை அடைத்துக்கொள்ளும், தாளைப் பார்த்தால் பச்சை இருக்காது, டீத்தூள் நிறத்தில் சேறு படிந்திருக்கும். அந்தச் சேற்றில் செத்த பாசியும் மக்கிய இலைத் துணுக்கும் சேர்ந்தே இருக்கின்றன, அவற்றில் சிதைந்த பச்சையம் உண்டு, அதுவும் ஏறக்குறைய அதே அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும். ஆகவே அமிலம் சேர்த்து இரண்டாம் முறை படிக்கிற லோரன்சன் முறை (1967) இங்கே விருப்பத்தைப் பொறுத்ததல்ல, கட்டாயம். அதைச் செய்யாத எண்ணை நான் நம்பமாட்டேன். படகில் இருந்தபடியே தண்ணீருக்குள் விட்டு உடனே குளோரோஃபில் காட்டும் ஒளிர்வு உணரிகள் பார்க்க ஆசையாக இருக்கும். சுரபுன்னைக் காட்டில் தண்ணீரே பழுப்பு, இலையிலிருந்து கசிந்த கரிமப் பொருளும் ஒளிரக்கூடியது, அதனால் உணரி சொல்வதை வடிதாள் எண்ணோடு அந்தந்தப் பருவத்தில் ஒத்துப் பார்க்காமல் வாங்கி மாட்டினால் காசுதான் வீண்.

இதைவிடப் பெரிய பிரச்சினை ஒன்று உண்டு. குளோரோஃபில் குறைவு என்றால் தண்ணீர் சுத்தம் என்று படிக்கிற பழக்கம். ஏரியில் அது ஓரளவு சரி. இங்கே வெள்ளக் காலத்தில் சேறும் பழுப்பும் கலந்து வெளிச்சம் சில சாணுக்குக் கீழே போகாது, பாசிக்கு உரம் கழுத்துவரை இருந்தும் வளர வெளிச்சம் இல்லை. நைட்ரேட் உச்சத்திலும் குளோரோஃபில் பாதாளத்திலும் இருப்பது இந்தக் காட்டில் மழைக்காலத்து வழக்கம். குளோரோஃபில் எண்ணை மட்டும் வைத்து அறிக்கை எழுதினால், வருடத்திலேயே அதிகக் கழிவு வந்து சேர்கிற மாதங்களுக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிடுவீர்கள்.

மூன்றாவது வழி, நுண்ணோக்கியில் உட்கார்ந்து எண்ணுவது. நேரம் தின்னும், கண் வலிக்கும், கற்றுக்கொள்ள ஒரு வருடமாவது ஆகும். என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் எப்படி எண்ணுகிறீர்கள் என்பதைப் பொறுத்து.

நம் பக்கத்து ஆய்வுகளில் நிறைய 48 மைக்ரோமீட்டர் கண்ணுள்ள பிளாங்க்டன் வலையை இழுத்து எடுத்த மாதிரிகள். இனப் பட்டியல் போட அது நல்லது. எண்ணிக்கைக்கு உதவாது. இருபது மைக்ரோமீட்டருக்குக் கீழே இருக்கிற சின்னச் செல்கள், நீளவால் போட்டு நீந்துகிற நுண்பாசிகள் எல்லாம் வலைக் கண்ணில் நழுவிப் போய்விடும், அவையே பல நேரம் மொத்தப் பச்சையத்தில் பெரும்பங்கு. கழிவு நீருக்கு முதலில் துள்ளுகிற கூட்டத்திலும் அவை உண்டு. அதனால் வலையை வைத்துவிட்டுப் பாட்டிலை எடுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர், அங்கேயே படகில் வைத்து, பாசி கெடாமல் காக்கும் லுகால் அயோடின் கரைசல், லேசான கட்டன் டீ நிறம் வரும்வரை. அதற்கு மேல் ஊற்றினால் நுண்ணோக்கியில் எல்லாமே ஒரே பழுப்புக் கட்டியாகத் தெரியும். பாட்டில் இருட்டில் இருக்கட்டும்.

அப்புறம் தெளியவிடுவது. உயரம் ஒரு சென்டிமீட்டருக்கு நாலு மணி நேரம் என்று கணக்கு வைத்துக்கொண்டால் பத்து சென்டிமீட்டர் குழாய்க்கு ஒரு இரவும் பகலும் தாண்டிவிடும். அவசரப்பட்டால் சின்னச் செல்கள் இன்னும் மேலேயே தொங்கிக்கொண்டிருக்கும். தலைகீழ் நுண்ணோக்கி இருந்தால், அடியில் தெளிந்த செல்களைக் கீழிருந்து பார்த்து எண்ணும் உட்டர்மோல் முறை, இல்லையென்றால் தெளிவித்துச் சுருக்கிய மாதிரியிலிருந்து ஒரு மில்லிலிட்டர் எடுத்து செட்ஜ்விக்-ராஃப்டர் தட்டில் சாதாரண நுண்ணோக்கியில் எண்ணலாம். பிச்சாவரத்து மாதிரியில் முதலில் கண்ணில் படுவது பாசியே அல்ல, மணலும் சேறும் இலை நாரும்தான். நேராகத் தட்டில் ஊற்றினால் எதுவும் தெரியாது, அளவாக நீர்த்துவிட்டுப் பார்க்க வேண்டும். எத்தனை செல் எண்ணினால் போதும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு: 400 எண்ணினால் பிழை ஏறக்குறைய பத்து சதவீதம், 100 மட்டும் எண்ணினால் இருபது. நாற்பது ஐம்பது செல்லை எண்ணிவிட்டு லிட்டருக்கு இத்தனை ஆயிரம் என்று பெருக்கி எழுதியதைப் பார்த்தால் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.

எண்ணி என்ன பார்ப்பது? இங்கே சாதாரண நாட்களில் டயாட்டங்களின் ராஜ்ஜியம்: காசினோடிஸ்கஸ், தலாசியோனிமா, ப்ளூரோசிக்மா, சங்கிலியாக வரும் ஸ்கெலிடோனிமா, கீட்டோசெரஸ். சிலிக்கா ஓடு போட்டவை, எனவே ஆற்றிலிருந்து சிலிகேட் வந்துகொண்டே இருக்கும்வரை அவற்றுக்குக் குறை இல்லை. நைட்ரஜனும் பாஸ்பரஸும் கழிவிலிருந்து ஏறுகின்றன, சிலிகேட் மட்டும் ஏறவில்லை என்றால் டயாட்டத்தின் பங்கு குறைந்து டைனோஃபிளாஜெல்லேட்டும் வேறு வால் பாசிகளும் மேலே வரும். உள்வாய்க்காலில் ஆசிலேட்டோரியா இழைகளும் யூக்ளினா வகைகளும் பெருகினால் கரிமக் கழிவைச் சந்தேகிக்கலாம். ஒரு நிபந்தனையோடு: அன்றைக்கு உப்புத்தன்மை இறங்கியிருக்கக் கூடாது. இறங்கியிருந்தால் அவை கொள்ளிடத்து வெள்ளத்தோடு வந்த விருந்தாளிகள், மாசைப் பற்றி அவை ஒன்றும் சொல்லவில்லை. உப்பு எண் பக்கத்தில் இல்லாத இனப் பட்டியலை வைத்துக்கொண்டு இந்தக் காட்டில் எந்த முடிவுக்கும் வர முடியாது.

இன்னொரு பொறி. ப்ளூரோசிக்மா, நாவிகுலா, நிட்ஸ்சியா போன்றவற்றில் பல சேற்றின் மேல் வாழ்கிறவை. வற்றத்தில் தண்ணீர் வேகமாக இறங்கும்போதும், மோட்டார் படகு போகும்போதும் அடி கலங்கி மேலே வந்துவிடும். சுற்றுலாப் படகுகள் பரபரப்பாக ஓடும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு எடுத்த மாதிரியையும், படகு ஓடாத புதன்கிழமை காலை மாதிரியையும் ஒப்பிட்டால் நீங்கள் அளந்தது படகுப் போக்குவரத்தை.

எண்ணி முடித்ததும் எல்லோரும் செய்வது குறியீட்டு எண் போடுவது. இங்கேதான் எனக்குக் கோபம் வரும். பாமர் குறியீடு 1969-இல் வந்தது, கரிமக் கழிவைத் தாங்கும் இருபது பாசிப் பேரினங்களுக்கு மதிப்பெண், கூட்டி 20-ஐத் தொட்டால் கடுமையான கரிம மாசு. அந்தப் பட்டியலில் நாவிகுலாவுக்கு மூன்று, நிட்ஸ்சியாவுக்கு மூன்று. நன்னீருக்காகச் செய்தது அது. சேற்றுத் தரை முழுக்க இந்த இரண்டும் பரவிக் கிடக்கிற அலையாத்திக் காட்டில், ஒரு சொட்டுக் கழிவு வராவிட்டாலும் ஆறு மதிப்பெண் வாசலிலேயே கிடைத்துவிடுகிறது. எத்தனை இனங்கள், எவ்வளவு சமமாகக் கலந்திருக்கின்றன என்று சொல்லும் ஷானன் பன்மைக் குறியீடும் அப்படியே. மூன்றுக்கு மேல் சுத்தம், ஒன்றுக்குக் கீழ் கடும் மாசு என்கிற வரம்பு 1968-இல் வில்ம், டோரிஸ் இருவரும் ஓடைகளின் அடித்தளத்தில் வாழும் பூச்சி, புழுக்களை வைத்துச் சொன்னது. இங்கே கார்த்திகை வெள்ளத்தில் கடல் இனங்கள் ஒதுங்கிப் போவதால் பன்மை தானாகச் சரியும், தை பங்குனியில் தானாக ஏறும். அந்த ஏற்ற இறக்கத்தை மாசின் ஏற்ற இறக்கமாக எழுதுவது வானிலை அறிக்கையை மருத்துவ அறிக்கை என்று கொடுப்பது போல. கார்ல்சன் குறியீடு (1977) ஏரிக்கானது, நீரில் வெள்ளைத் தட்டை இறக்கி எவ்வளவு ஆழம் தெரிகிறது என்று பார்ப்பதும் அதில் ஒரு அங்கம், சேற்றுத் தண்ணீரில் தட்டு மறைவது பாசியால் அல்ல, ஆக இங்கே பேச்சுக்கே இடமில்லை. ஷானன் எண்ணைப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், வருடத்துக்கு வருடம் ஒப்பிடப் பயன்படுத்துங்கள், அந்த வரம்புகளை மட்டும் தூக்கிப் போடுங்கள்.

செயற்கைக்கோள் பற்றி நிறைய பேர் ஆர்வமாகக் கேட்கிறார்கள், படம் இலவசம் என்பதால். கடல் நிறத்தைப் பார்க்கும் கருவியோடு பறக்கிற சென்டினல்-3-இன் ஒரு புள்ளி 300 மீட்டர், அதற்குள் வாய்க்கால், திட்டு, மரம், மணல் எல்லாமே அடங்கிவிடும். சென்டினல்-2-க்கு 10 மீட்டர் வரை போகும், ஐந்து நாளுக்கு ஒருமுறை வரும். முகத்துவாரத்தையும் அகன்ற உப்பங்கழியையும் ஓரளவு பார்க்கலாம். கிளைகள் மேலே கவிந்த குறுகிய வாய்க்காலில் அதற்குத் தெரிவது இலையின் பச்சை. வடகிழக்குப் பருவமழையில் மேகம் வேறு. கலங்கல் எங்கே பரவுகிறது, முகத்துவார மணல் திட்டு எப்படி நகர்ந்தது என்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள், பாசிக்கு வேண்டாம்.

நிறமிகளைப் பிரித்து அளக்கும் முறை நல்ல முறை. டயாட்டத்துக்கு ஃபியூக்கோஸாந்தின், டைனோஃபிளாஜெல்லேட் பலவற்றுக்குப் பெரிடினின், நீலப்பச்சைப் பாசிக்கு ஸீயாஸாந்தின் என்று கூட்டம் கூட்டமாகப் பங்கு சொல்லும், நுண்ணோக்கியில் தெரியாத குட்டிகளையும் விடாது. கருவி பெரிய ஆய்வகத்தில்தான் இருக்கும், மாதிரியை உறைநிலையில் கொண்டுபோக வேண்டும். தண்ணீரிலிருந்து மரபணு எடுத்து இனம் கண்டுபிடிப்பது இன்னும் ஒரு படி மேலே. யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லும், எத்தனை பேர் என்று நேராகச் சொல்லாது, ஏனென்றால் ஒரு செல்லில் அந்த மரபணு எத்தனை பிரதி இருக்கிறது என்பது இனத்துக்கு இனம் பல மடங்கு மாறும். நம் வெப்பமண்டலக் கழிமுக இனங்கள் பல, ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தொகுப்பில் இன்னும் ஏறவில்லை, ஆகவே பட்டியலில் ஒரு பெரிய பகுதி பெயரில்லாமல் வரும். கூட்டு ஆராய்ச்சித் திட்டம் கிடைத்தால் செய்யலாம். மாதாந்தரக் கண்காணிப்புக்கு இப்போதைக்கு வேண்டாம்.

சரி, எதை எடுப்பது? கையில் மிகவும் குறைவாக இருக்கிறது, ஒரு கல்லூரி மாணவர் தனியாகச் செய்கிறார் என்றால்: உப்பு, வெப்பம், கரைந்த ஆக்சிஜன், மாதம் ஒரு முறை லுகால் பாட்டில். குளோரோஃபில்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பாட்டில் முக்கியம். ஒரு குழுவாக, ஆய்வக வசதியோடு செய்கிறீர்கள் என்றால் ஊட்டச்சத்து நான்கும், அமிலத் திருத்தத்தோடு குளோரோஃபிலும், எண்ணிக்கையும் மூன்றும் சேர்ந்தே போக வேண்டும், ஒன்று பொய் சொல்லும்போது மற்ற இரண்டு காட்டிக்கொடுக்கும். நைட்ரேட் அதிகம், குளோரோஃபில் குறைவு, கலங்கல் அதிகம்: வெளிச்சம்தான் தடை, ஆபத்து காத்திருக்கிறது. நைட்ரேட் குறைவு, குளோரோஃபில் அதிகம், டயாட்டத்தின் பங்கு சரிந்திருக்கிறது, உப்பு மாறவில்லை: யாரோ எதையோ திறந்துவிட்டிருக்கிறார்கள். கூடுதலாக ஒரு கருவி வாங்கக் காசு வந்தால் அதை வாங்காமல், நுண்ணோக்கியில் உட்காரும் ஆளுக்கு இன்னொரு வருட உதவித்தொகையாகப் போடுங்கள் என்பேன். இனம் அடையாளம் காணத் தெரிந்தவர் பாதியில் போய்விட்டால் புதிதாக வருபவரின் எண்களும் பழைய எண்களும் ஒட்டவே ஒட்டாது.

இடங்கள் ஐந்தாறு போதும்: முகத்துவாரம் ஒன்று, கொள்ளிடத்துப் பக்கம் ஒன்று, வடிகால் வந்து சேரும் வாய் ஒன்று, காட்டின் நடுவில் கழிவு எட்டாத வாய்க்கால் ஒன்றாவது. கடைசியில் சொன்னது இல்லாமல் மற்றவை வீண், அதுதான் உங்கள் அளவுகோல், வெளியிலிருந்து இரவல் வாங்கிய வரம்புகளுக்குப் பதில் அதையே வைத்து ஒப்பிடப்போகிறீர்கள். எல்லா இடத்திலும் ஏற்றம் முடிந்து நீர் நிற்கிற வேளையாகப் பார்த்து எடுங்கள். காலை எட்டு மணி என்று கடிகாரத்தை வைத்துக்கொண்டு போனால் ஒரு மாதம் கடல் தண்ணீரும் அடுத்த மாதம் வடிகால் தண்ணீரும் பாட்டிலில் இருக்கும். வடகிழக்கு மழைக்காலத்து மாதிரி இல்லாத வருடத்தைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

இத்தனை செய்தாலும் சிலவற்றைப் பாசி சொல்லாது. மலக் கிருமி இருக்கிறதா என்பதற்குத் தனியாகக் கோலிஃபார்ம் சோதனை வேண்டும், காட்டுக்குள் சிப்பியும் நண்டும் எடுத்துச் சாப்பிடுகிற குடும்பங்கள் இருக்கும்போது இதை விடவே கூடாது. கன உலோகம் சேற்றில் போய் உட்காரும், அதை அங்கேதான் தேட வேண்டும். அப்புறம் நாக்டிலூக்கா என்கிற ஒற்றைச் செல் உயிர். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக மின்னியது என்று ஊரே போய்ப் படம் எடுத்ததே, அது. அதில் சிவப்பு வகைக்குச் சொந்தப் பச்சையம் கிடையாது, மற்ற பாசிகளைத் தின்று வாழும், பெருகும்போது குளோரோஃபில் எண் ஏறவே ஏறாமல் இருக்கலாம். ஆனால் வலையில் நிச்சயம் மாட்டும், ஏனென்றால் பெரும்பாலும் கால் மில்லிமீட்டருக்குக் குறையாத உருண்டை. மேலே வலையை வைத்துவிடச் சொன்னேன், இந்த ஒன்றுக்காக முகத்துவாரத்தில் மட்டும் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள்.

பாட்டில்களில் எண்ணி முடித்த மிச்சத்தைக் கொட்டாதீர்கள். லுகால் நாளாக நாளாக வெளிறும், சில மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து நிறம் போயிருந்தால் சில சொட்டு விட்டு மூடி, இடம், தேதி, உப்பு எண், ஏற்றமா வற்றமா என்பதைப் பென்சிலில் எழுதிய சீட்டை ஒட்டி வையுங்கள், பேனா மை அயோடின் பட்டால் அழிந்துவிடும்.